மாதிரிக் கண்ணாடி

"மத்ததெல்லாம் சுத்தமாத்தான் இருக்கு, நெவில். ஆனா அது மாதிரி இல்லையே," என்றார் மிஸஸ் ராம்ஸ்டன்.

நெவில் கிராஸ்லி பிரஷ் பூட்டிய நீளக் கம்பத்தைப் புல்லில் ஊன்றிக்கொண்டு மேலே பார்த்தார்.

ராம்ஸ்டன் வீட்டின் பின்சுவரை ஒட்டிக் கட்டிய கண்ணாடி அறை அது. மூன்று பக்கமும் கண்ணாடி. சாய்வான கூரையும் கண்ணாடி. கூரையில் இரண்டு வரிசை, வரிசைக்கு எட்டு, ஆக மொத்தம் பதினாறு பலகைகள். அவற்றில் பதினைந்தைக் காலை எட்டு மணியிலிருந்து அவர் இரண்டு முறை கழுவிவிட்டார். பாசி போயிற்று. புறா எச்சம் போயிற்று. வேறு எந்த வீடாக இருந்தாலும் இந்நேரம் ஒரு கோப்பை தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

சிக்கல் பதினாறாவதில் இருந்தது. மேல் வரிசை, இடமிருந்து மூன்றாவது. அதை நெவில் தொடவே இல்லை. அதைச் சுத்தம் செய்தவர் மிஸஸ் ராம்ஸ்டனின் கணவர் டெரிக். பாத்திரம் துடைக்கும் துணியால்.

அப்படித்தான் சொன்னார்கள். திங்கட்கிழமை மிஸஸ் ராம்ஸ்டன் ஸ்கார்பரோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறார். செவ்வாய் மாலை திரும்பி வந்து கூரையைப் பார்த்திருக்கிறார். பாசி படிந்த பதினைந்து கண்ணாடிக்கு நடுவே ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தது. என்ன இது என்று கேட்டதற்கு டெரிக், தான்தான் சும்மா துடைத்துப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். திருமணமாகி நாற்பத்திரண்டு வருடங்களில் ஒரு தட்டைக்கூட ஒழுங்காகத் துடைத்திராத மனிதர்.

"அவராலேயே இவ்வளவு முடியுதுன்னா, இதையே தொழிலா செய்யறவனால முடியாதா?" என்று புதன்கிழமை தொலைபேசியில் நெவிலைக் கேட்டார் மிஸஸ் ராம்ஸ்டன். அதனால்தான் நெவில் இந்த வெள்ளிக்கிழமை இங்கே நிற்கிறார்.

சாதாரண வெள்ளிக்கிழமை இல்லை. மதியம் மூன்று மணிக்கு இந்தக் கண்ணாடி அறையில் மாதர் சங்கத்தின் தேநீர் விருந்து. பீச்வுட் தெருவின் பதினான்கு வீட்டுப் பெண்களும் வருவார்கள். ஹாலிஃபாக்ஸ் ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஒரே வழியாக ஏறி அங்கேயே முடிந்துபோகும் தெரு அது. எல்லா வீட்டுக்கும் பின்னால் ஒரே மாதிரியான கண்ணாடி அறை. ஒரு காலத்தில் ஒரு விற்பனையாளர் முதலில் மிஸஸ் ராம்ஸ்டனிடம் விற்றார். மற்ற பதின்மூன்று வீட்டுக்காரர்களும் கேள்வி கேட்காமல் வாங்கினார்கள். மிஸஸ் ராம்ஸ்டன் திரைச்சீலை மாற்றினால் தெரு மாற்றும். அவர் ஜன்னல் துடைப்பவரை மாற்றினாலும் தெரு மாற்றும்.

நெவில் இருபத்தாறு வருடங்களாகத் துடைத்துவரும் தெரு. இப்போது அடுத்த தெருவில் டேரன் என்று இன்னொரு ஜன்னல் துடைப்பவன் புது வண்டியும், வண்டியின் பக்கவாட்டில் தன் சிரித்த முகமுமாகச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை கழுவறேன், மிஸஸ் ராம்ஸ்டன்," என்றார் நெவில்.

"கழுவு. ஆனா அந்த ஒண்ணைத் தொடாதே. அது என் மாதிரிக் கண்ணாடி. அதை வெச்சுத்தான் மத்ததைப் பார்ப்பேன்."

மிஸஸ் ராம்ஸ்டன் உள்ளே போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து எதையோ முணுமுணுவென்று பாடத் தொடங்கினார். வழக்கமாக அறையின் நடுவில் இருக்கும் நாற்காலி இன்று மூலையில் கிடந்தது. நடுவில் ஒரு பெரிய பெரணிச்செடி நின்றது. அதற்கு டெரிக் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நெவில் வந்ததிலிருந்தே ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஜன்னல் துடைப்பவர் கண்ணில் எல்லாமே படும். யோசிப்பதுதான் கிடையாது.

மூன்றாவது முறை கழுவினார். அவருடைய வண்டித் தொட்டியில் இருப்பது உப்பு முழுவதும் நீக்கிய தண்ணீர். காய்ந்தால் பொட்டுக்கூட விழாது. பதினைந்தும் காய்ந்தன. பொட்டு இல்லை. ஆனால் வானத்தில் போன மேகம் பதினைந்திலும் லேசாகத் தெரிந்தது. பதினாறாவதில் தெரியவில்லை. மேகத்தின் சாயல்கூடப் படியாத அளவுக்கு ஒரு கண்ணாடியைத் துடைக்க முடியும் என்று நெவில் அதுவரை நினைத்ததில்லை.

கம்பத்தைக் கீழே வைத்தார். இருபத்தாறு வருடங்கள்.

டெரிக் தண்ணீர் பிடிக்கத் தோட்டக் குழாய்க்கு வந்தபோது நெவில் அவரைக் கருவிக் கொட்டகைக்குப் பின்னால் மடக்கினார். வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

"எப்படிச் செஞ்சீங்க, டெரிக்?"

"எதை?"

"அந்தக் கண்ணாடியை."

டெரிக் வீட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். எழுபது வயது, ஒல்லி, பேருந்து நிறுவனத்தில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். காது மட்டும் சிவந்தது.

"டீ," என்றார்.

"டீயா?"

"ஆறின டீ. கருப்பா."

நெவில் தன் குடுவையில் இருந்த தேநீரை ஆறவைத்தார். போதாததால் டெரிக் உள்ளே போய் ஒரு கெண்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். கீழ் வரிசையில் மூன்று கண்ணாடியில் அதைத் தேய்த்தார் நெவில். வெயில் நன்றாக அடித்தது; யார்க்‌ஷயரில் ஒரு வாரமாக மழை இல்லாததே பெரிய அதிசயம். தேநீர் ஐந்து நிமிடத்தில் காய்ந்து மூன்று கண்ணாடியும் பழுப்பு நிறமாயின.

"அது என்னப்பா, மரம் மாதிரி இருக்கு?" உள்ளேயிருந்து மிஸஸ் ராம்ஸ்டன் கேட்டார். குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோலத் தெளிவாகக் கேட்டது.

முதல் கட்டம் என்றார் நெவில். மிஸஸ் ராம்ஸ்டன் மறுபடி பாடத் தொடங்கினார்.

மறுபடி கொட்டகைக்குப் பின்னால்.

"டீ மட்டும்தானா, டெரிக்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

டெரிக் நல்லா யோசித்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. "அதுக்கப்புறம் வினிகர். அப்புறம் சமையல் சோடா."

"ஒண்ணா சேர்த்தா?"

"ஒண்ணாத்தான்," என்றார் டெரிக், எப்படியாவது தப்பித்தால் போதும் என்று.

வினிகரையும் சோடாவையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பது பள்ளிக்கூடத்தில் தூங்காத எல்லோருக்கும் தெரியும். நெவில் தூங்கியவர். கூரை முழுக்க நுரை பொங்கியது. அது சரிவில் இறங்கிக் கூரை விளிம்பில் இருந்த தண்ணீர்க்குழலில் சேர்ந்தது. காலையில் கழுவிய பாசியெல்லாம் அங்கேதான் கிடந்தது. பாசியும் நுரையும் சேர்ந்து குழலை அடைத்து, பக்கத்து வேலிக்கு அந்தப் பக்கம் வழிந்தன. அங்கே க்ளெனிஸ் துணி உலர்த்தியிருந்தார்.

க்ளெனிஸ் வேலிக்கு மேலே தலையைத் தூக்கினார். அறுபத்தைந்து வயது, சுருள் முடி, தெருவில் எது நடந்தாலும் இரண்டாவதாகத் தெரிந்துகொள்பவர். முதலாவது மிஸஸ் ராம்ஸ்டன்.

"என் படுக்கை விரிப்புல பாசி சொட்டுது, நெவில்."

நெவில் மன்னிப்புக் கேட்டார். விரிப்பைத் தானே துவைத்துத் தருவதாகவும் சொன்னார். க்ளெனிஸ் அதைக் காதில் வாங்கவில்லை. அவர் பார்வை மேல் வரிசையில் மூன்றாவது கண்ணாடியில் நின்றுவிட்டது.

"அடேயப்பா, அதை யாரு செஞ்சது?"

"டெரிக்தான்," என்று உள்ளேயிருந்து மிஸஸ் ராம்ஸ்டன் சத்தமாகச் சொன்னார். "அவர் கை பட்டாலே போதும். இத்தனை வருஷம் இந்தத் திறமையை ஒளிச்சு வெச்சிருக்கார், பாரேன். இன்னும் என்னென்ன ஒளிச்சு வெச்சிருக்காரோ."

டெரிக் பெரணிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். செடி நின்ற தொட்டி நிரம்பித் தரையில் ஓடியது.

க்ளெனிஸ் தன் வீட்டுக் கூரையையும் டெரிக்கே செய்து தர வேண்டும் என்றார். நாளைக்கே வசதி. ஜன்னலுக்கு நெவில் வந்தால் போதும், இல்லை, டேரன்கூட நன்றாகச் செய்கிறான் என்று கேள்வி. அதைச் சொல்லிவிட்டு, சொல்லாததுபோல விரிப்பை உதறினார்.

மணி பன்னிரண்டரை.

"டெரிக்," என்றார் நெவில் கொட்டகைக்குப் பின்னால். "க்ளெனிஸ் போனா தெருவே போகும். எனக்கு வேற தொழில் தெரியாது. எதையும் மறைக்காதீங்க, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

டெரிக் அவரைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துச் சமையலறை ஜன்னல் திறந்து, "டெரிக், சாப்பாட்டை மூடற அந்தப் பிளாஸ்டிக் தாள் சுருள் எங்க? இந்த வாரத்துல நாலு சுருள் காணாம போயிருக்கு. இந்த வீட்டுல யாரு எதை மூடி வைக்கிறாங்கன்னே தெரியலை," என்று மிஸஸ் ராம்ஸ்டனின் குரல் வந்தது.

டெரிக்கின் வாய் மூடிக்கொண்டது. திறந்தபோது வேறு ஒன்று வெளியே வந்தது.

"உருளைக்கிழங்கு," என்றார்.

பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கைக் கம்பத்தின் நுனியில் பிரஷ்ஷுக்குப் பதிலாகக் கட்டி நெவில் கூரையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தெரு முனையில் வண்டியைத் திருப்ப வந்த டேரன் வேலி இடுக்கு வழியாக அதைப் பார்த்தான். வண்டியில் ஒட்டியிருந்த முகமும் உள்ளே இருந்த முகமும் ஒரே மாதிரி சிரித்தன. அவன் தொலைபேசியை எடுத்து ஒரு படம் பிடித்துக்கொண்டு போனான்.

ஏழு கண்ணாடி முடிந்ததும் முதல் புறா வந்தது. எட்டாவது முடிவதற்குள் பதினொரு புறாக்கள். அவை கிழங்குத் துணுக்குகளைத் தின்றன. தின்றதும் புறாக்கள் எப்போதும் செய்வதைச் செய்தன.

ஒன்றேமுக்காலுக்குக் கூரை, நெவில் வரும்முன் இருந்ததைவிட மோசமாக இருந்தது. மாதிரிக் கண்ணாடியில் மட்டும் ஒரு புறாகூட உட்காரவில்லை. அதில் ஒரு சொட்டு எச்சம்கூட இல்லை. பறவைக்குக்கூட அதன் மேல் மரியாதை.

மிஸஸ் ராம்ஸ்டன் வந்து பார்த்தார். திட்டவில்லை. அதுதான் நெவிலுக்குப் பயமாக இருந்தது. "மூணு மணிக்கு வந்துடுவாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உடை மாற்ற மாடிக்குப் போனார். போகும்போது டெரிக்கின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நெவில் எல்லாவற்றையும் மறுபடி வெறும் தண்ணீரில் கழுவினார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார். பதினாறாவதைத் தொட்டுப் பார்ப்பது. நல்ல கண்ணாடியைக் கண்ணைவிட விரல் நுனிதான் அறியும். அதில் என்ன தடவியிருக்கிறது, எண்ணெயா, மெழுகா, ஒரு தடவல் போதும், சொல்லிவிடுவார். மாதிரியைத் தொடாதே என்றது உத்தரவு. ஆனால் மாடியில் குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஏணியைச் சாத்தினார். இன்னொரு ஏணியைக் கூரையின் அலுமினியச் சட்டங்கள் மேல் படுக்கவைத்தார். கண்ணாடி மேல் பாரம் போடக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். வயிற்றால் ஊர்ந்து மேலே போனார். வலது கையின் சுட்டுவிரலைச் சட்டையில் துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கண்ணாடி மேல் வைத்தார்.

விரல் உள்ளே போயிற்று. பின்னால் கையும் போயிற்று. தோள் வரைக்கும் போனபின்தான் நெவில் நின்றார்.

கீழே ஏதோ ஒன்று அவர் விரலை நுகர்ந்தது. ராம்ஸ்டன் வீட்டுப் பூனை ஜெஃப்ரி. அலமாரி உச்சியில் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிறாண்டியது.

நெவில் கையை இழுத்துக்கொண்டு தலையை நீட்டிப் பார்த்தார். நேர் கீழே பெரணிச்செடி. அதன் பக்கத்தில் பூவாளியோடு டெரிக், அண்ணாந்து பார்த்தபடி.

"இங்க கண்ணாடியே இல்ல, டெரிக்."

"மெதுவாப் பேசு, ராசா."

"காலையிலேர்ந்து நான் ஒரு ஓட்டையோட போட்டி போட்டிருக்கேன்."

"தெரியும். மனசு கேக்கலை. அதான் டீ போட்டுக் கொடுத்தேன்."

திங்கட்கிழமை கதை அந்த ஓட்டை வழியாகக் கிசுகிசுப்பாக மேலே வந்தது. காலையில் டெரிக் தோட்டத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கூரை மேல் ஒரு மேக்பை பறவை கத்திக்கொண்டே இருந்தது. கையில் இருந்ததை எடுத்து வீசினார். பறவை பறந்துவிட்டது. கண்ணாடி சர்க்கரை மாதிரி நொறுங்கிக் கீழே கொட்டியது. எல்லாவற்றையும் பெருக்கி, கண்ணாடிக்கடை ராயைக் கூப்பிட்டு அளவும் கொடுத்தாயிற்று. புதன் வருகிறேன் என்றார் ராய். பிறகு வியாழன் என்றார். இன்று காலை கேட்டால் சரக்கே வரவில்லை என்கிறார். இரவில் பனி இறங்காமல் இருக்க டெரிக் தினமும் ஒரு சுருள் பிளாஸ்டிக் தாளை முக்காலி போட்டு உள்ளிருந்து ஒட்டுகிறார். காலையில் கிழித்து எடுக்கிறார்.

"அவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதானே," என்றார் நெவில். "கண்ணாடிதானே. கல்லு பட்டு உடைஞ்சா கொலைக்குத்தமா?"

"கல்லுன்னா அன்னிக்கே சொல்லியிருப்பேன்," என்றார் டெரிக். கண் கலங்கியிருந்தது. "நான் வீசினது அவ சுட்ட ஸ்கோன்."

நெவில் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மாவும் வெண்ணெயும் பிசைந்து சுடும் சின்ன ரொட்டிதான் ஸ்கோன். நடுவில் பிளந்து ஜாமும் க்ரீமும் வைத்துச் சாப்பிடுவது. மிஸஸ் ராம்ஸ்டனுக்கு அதற்காக மாதர் சங்கம் ஆறு முறை பரிசு கொடுத்திருக்கிறது. ஏழாவது முறை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இருந்ததில்லை. பீச்வுட் தெருவில் எல்லோரும் அதைத் தேநீரில் நனைத்துத்தான் தின்பார்கள். ஏன் என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை.

"கெட்டிக் கண்ணாடி, நெவில். ஆலங்கட்டிக்கே உடையாதுன்னு எழுதிக் கொடுத்தது. அவகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? அந்த ஸ்கோன் என்ன ஆச்சுன்னு கேட்பாளே."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அன்னிக்கு டீயோட தின்னுட்டேன்."

நெவில் கண்ணை மூடிக்கொண்டார். ஜன்னல் துடைப்பவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு: கண்ணாடிக்கு உள்ளே பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. இந்தத் தெருவிலேயே அவர் என்னென்னவோ பார்த்திருக்கிறார். ஐந்தாம் எண்ணில் ஓய்வுபெற்ற பாதிரியார் குளியல் தொட்டியில் உட்கார்ந்து ஊதுகொம்பு வாசிப்பார். க்ளெனிஸ் சமையலறையில், தானே செய்ததாகச் சொல்லும் ஜாமைக் கடைப் புட்டியிலிருந்து மாற்றி ஊற்றுவார். ஒன்றையும் நெவில் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சட்டம் என்றால் சட்டம். அதற்காகத் தெருவே கைவிட்டுப் போனாலும்.

மாடியில் தண்ணீர் நின்றது. மணி இரண்டு இருபது.

"பிளாஸ்டிக் தாள் இருக்கா?" என்றார் நெவில்.

ஐந்தாவது சுருள் டெரிக்கின் சட்டைக்குள் இருந்தது. மேலிருந்து நெவிலும் கீழிருந்து டெரிக்குமாக ஓட்டையின் மேல் அதை இழுத்துக் கட்டினார்கள். ஒரு சுருக்கம் இல்லை. இருபத்தாறு வருடக் கைத்திறன் முழுவதும் அதில் இருந்தது. பிறகு நெவில் தன் வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு பலகையை அழுக்காக்க அதன் மேல் விரலால் லேசாகத் தடவினார். மற்ற பதினைந்தைப் போலவே ஆயிற்று. கீழே இறங்கிப் பார்த்தபோது மேகம் பதினாறிலும் தெரிந்தது.

அரக்கு நிற உடையில் மிஸஸ் ராம்ஸ்டன் இறங்கி வந்தார். அண்ணாந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இப்ப எல்லாம் ஒரே மாதிரி இருக்கே," என்றார்.

"ஆமாங்க," என்றார் நெவில்.

"ஆச்சரியம்தான். டெரிக், நீ ஏதாவது சொல்லணுமா?"

"நல்லா இருக்கு," என்றார் டெரிக்.

"அவ்வளவுதானா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

மிஸஸ் ராம்ஸ்டன் பெருமூச்சு விட்டு மேசை விரிப்பைச் சரிசெய்யப் போனார். பெரணிச்செடியை மூலைக்குத் தள்ளிவிட்டு, மேசையைத் துல்லியமாக அது நின்ற இடத்திலேயே போட்டார். நாற்காலிகளைச் சுவரோரமாகப் போட்டார்.

மூன்று மணிக்குப் பதின்மூன்று பெண்கள் வந்தார்கள். மேசையில் மூன்றடுக்குத் தட்டு, அதில் ஸ்கோன்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய க்ரீம். நெவிலை ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார் மிஸஸ் ராம்ஸ்டன். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படி அருகே நின்றார். எல்லோரும் கூரையைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார்கள். க்ளெனிஸ்கூடச் சொன்னார். இன்னும் பத்து நிமிடம் நின்றுவிட்டு நழுவிவிட்டால் தெரு தப்பித்தது என்று நெவில் கணக்குப் போட்டார்.

அப்போதுதான் ஜெஃப்ரி மாடிப் படுக்கையறை ஜன்னலிலிருந்து கூரைக்கு இறங்கியது.

அது அதன் தினசரி வழி. திங்கட்கிழமையிலிருந்து மூன்றாவது பலகையை மட்டும் அழகாகச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மனிதர்களைவிடப் பூனைகளுக்கு இந்த விஷயங்கள் சீக்கிரம் தெரிந்துவிடும். இன்று அது நின்றது. பார்த்தது. மேகம் தெரிந்தது, விரல் தடவிய தடம் தெரிந்தது. சரிசெய்துவிட்டார்கள் என்று நம்பி நடுவில் காலை வைத்தது.

முதலில் க்ரீம் கிண்ணம் போயிற்று. பிறகு மூன்றடுக்குத் தட்டு. ஜெஃப்ரி வெள்ளைப் பூனையாக எழுந்து, க்ளெனிஸின் மடி வழியாகத் தோட்டத்துக்கு ஓடியது. தட்டு தரையில் விழுந்து மூன்றாக உடைந்தது. ஸ்கோன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றில் ஒன்று உருண்டுபோய் மேசைக்காலில் மோதி நின்றது. மேசை அசைந்தது.

மேலே கிழிந்த பிளாஸ்டிக் தாள் காற்றில் ஆடியது. அதன் வழியாக வானம் அப்பட்டமாகத் தெரிந்தது.

பதின்மூன்று பெண்களும் முதலில் மேலே பார்த்தார்கள். பிறகு நெவிலைப் பார்த்தார்கள். க்ளெனிஸ் மடியிலிருந்த க்ரீமைத் துடைக்காமலே கைப்பையைத் திறந்து தொலைபேசியை எடுத்தார். திரையில் டேரனின் சிரித்த முகம் தெரிந்தது.

"என் மாதிரிக் கண்ணாடி எங்க?" என்று கேட்டார் மிஸஸ் ராம்ஸ்டன்.

டெரிக்கின் காது இரண்டும் பழுத்த தக்காளி. அவர் வாயைத் திறந்தார். மேசைக்காலடியில் கிடந்த ஸ்கோனைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

நெவில் தொப்பியைச் சுருட்டினார். ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னால் தெரு மிஞ்சும், தொழில் மிஞ்சும். ஆனால் இருபத்தாறு வருடம் வாயைக் கட்டியவருக்கு அது வரவில்லை. அவர் பதினான்கு வீட்டையும் மனதுக்குள் ஒவ்வொன்றாகத் துடைத்து விடைபெற்றுக்கொண்டார்.

"நான்தாங்க உடைச்சேன்," என்றார். "மதியம். ஏணி வழுக்கிடுச்சு. சொல்லப் பயமா இருந்தது."

வியப்பு என்னவென்றால், மிஸஸ் ராம்ஸ்டன் நெவில் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பார்வை முழுக்க டெரிக் மேல் இருந்தது. கேள்வி கேட்டுவிட்டு வகுப்பில் ஒரே ஒரு பையனிடம் மட்டும் பதிலுக்குக் காத்திருக்கும் ஆசிரியை மாதிரி.

"அப்படியா டெரிக்? நெவில்தான் உடைச்சானா?"

டெரிக் பூவாளியை எடுத்துக்கொண்டு பெரணிச்செடியிடம் போனார்.

அழைப்பு மணி அடித்தது. யாரும் அசையாததால் முன்கதவு தானாகத் திறந்தது. தாழ்வாரம் வழியாகக் கண்ணாடிக்கடை ராய் வந்தார், இரண்டு கையிலும் உறை போட்ட ஒரு பெரிய பலகையை அணைத்தபடி. உள்ளே இருந்த கூட்டத்தையும், தரையில் கிடந்த க்ரீமையும், மேலே இருந்த ஓட்டையையும் பார்த்தார். பலகையைக் கால் மேல் தாங்கிக்கொண்டு களைப்பாக மிஸஸ் ராம்ஸ்டனிடம் கேட்டார்:

"மூணு நாளா இதை வண்டியிலயே வெச்சுச் சுத்திட்டிருக்கேன், மிஸஸ் ராம்ஸ்டன். உங்க வீட்டுக்காரர் வாயால ஒத்துக்கிட்டாரா, இல்ல நீங்க சொன்ன மாதிரி இன்னிக்கும் திருப்பிக் கொண்டு போகட்டுமா?"